சீர்வரிசையில் ஒரு இரும்பு ராடு

உத்திரமேரூர்
18-9-61

தாண்டவராயன் மச்சானுக்கு வேதகிரி எழுதுவது.

நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். நமக்குள் சண்டை வந்து நீங்கள் பட்டறையை விட்டுப் போனதிலிருந்து நீங்களும் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆடியில் மாகறல் வரைக்கும், அம்மா வீட்டுக்கு வந்தவர், அங்கே இருந்த தங்கையை மட்டும் பார்த்துவிட்டு, உத்திரமேரூருக்கு வந்தால் கால் தேய்ந்துவிடும் என்று அப்படியே பஸ் ஏறிவிட்டீர்கள். நல்லது. இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது உங்கள் தங்கை. சொக்கம்மாள் கொஞ்ச நாளாக எனக்குச் சோறு போடுகிறாளா, தட்டை உடைக்கிறாளா என்று தெரியவில்லை. நான் எழுதாமல் அது நிற்காது.

விஷயம் இது. காஞ்சிபுரத்தில் ஹல்லர் மிஷின் விற்கிற ஏஜெண்டு ஒருவர், இந்தத் தாலுகாவில் நெல் அரைக்கிற மில்களுக்கெல்லாம் மிஷினைச் சுழற்றுகிற ஷாப்டு செய்து கொடுக்க ஒரு பட்டறையைத் தேடுகிறார். மாதிரிக்கு ஒரு ஷாப்டு செய்து வைக்கச் சொன்னார். கார்த்திகைக் கடைசியில் வந்து பார்ப்பார். தேறினால் வேலை பூராவும் நமக்கு. தேறாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். செங்கல்பட்டுக்காரர் ஒருவர் நம் லேத்தை வாங்கிக்கொள்ள இப்போதே வந்து, மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நீங்களும் நானுமாகத் தேடி வாங்கிய அந்த லேத்தில் உளி ஓடுகிற பெட் தேய்ந்துவிட்டது. நீளமாகக் கடைந்தால் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுக்கிறது. அதனால் கடைய வேண்டிய அவசியமே இல்லாத, முனைக்கு முனை ஒரே கனமாக மிஷினில் கிரைண்டிங் பண்ணின ராடு வேண்டும். ஒன்றேகால் அங்குல கனம், நாலடி நீளம். அதில் பாதி நீளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் ஆப்பு உட்காரக் கீவே காடி வெட்ட வேண்டும். இதைக் கவனித்து எடுங்கள்.

நீங்கள் கிண்டித் தொழிற்பேட்டையில், கருவி செய்கிற டூல்ரூமில் பெரிய ஆளாக இருப்பதாக உங்கள் தங்கை தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். உங்களுக்கு அளவெடுக்கக் காலிப்பர் பிடிக்கத் தெரியாது, மாட்டுக்கு லாடம் கட்டப் போகலாம் என்று அன்றைக்கு நாலு பேர் முன்னால் சொன்னேனே, அந்த அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தாலும் கிண்டிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும் அல்லவா, அவர்களைக் கேட்டு அனுப்புங்கள்.

வேதகிரி


சென்னை
26-9-61

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. உதவி கேட்டு இப்படி ஒரு கடிதம் எழுத உங்களால்தான் முடியும்.

லாரி ஆக்சிலையும் கிணற்றில் கிடந்த பைப்பையும் கடைந்தே காலம் தள்ளினவருக்கு கிரைண்டிங் ராடு வேண்டுமாம். எங்கள் டூல்ரூமில் இதைச் சொன்னேன், எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. கறுப்பு ராடு என்பது பலாப்பழத் தோல். உங்கள் பட்டறையில் நீங்கள் பார்த்ததெல்லாம் அதுதான். பிரைட் ராடு பார்க்க மழமழவென்று இருக்கும், கனம் இடத்துக்கு இடம் ஏமாற்றும். கிரைண்டிங் ராடு அப்படி இல்லை. சாணைச் சக்கரம் தலை முதல் கால் வரை ஒரே அளவாகத் தடவி விட்டிருக்கும். அதன்மேல் நீங்கள் உளி வைக்க வேண்டாம், புத்தியையும் வைக்க வேண்டாம். முனையை வெட்டி, காடியை வெட்டி, பேரிங்கில் மாட்டினால் முடிந்தது.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும். ராடு கிரீஸ் தடவி, மெழுகுக் காகிதம் சுற்றி வரும். அந்தக் கிரீஸ் அழுக்கு இல்லை. ஒரு இடம் விடாமல், காற்றுப் புகாமல், கனமாகவும் இல்லாமல் லேசாகவும் இல்லாமல் தடவுவது சாதாரண வேலை இல்லை. வேலை ஆரம்பிக்கிற நிமிஷம் வரை காகிதத்தைப் பிரிக்காதீர்கள். கை வேர்வை பட்டாலே அந்த மேனிக்கு ஆகாது. உங்கள் பட்டறையில் யார் கையும் சுத்தம் இல்லை என்பது எனக்குத் தெரியும், உங்கள் கையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடுக்கில் இருந்ததிலேயே பளபளப்பானதை நானே பார்த்து எடுத்தேன். முனையில் மஞ்சள் பெயிண்ட் இருக்கும். காஞ்சிபுரம் பஸ்ஸில் மேலே கட்டி அனுப்புகிறேன். விலைப் பேச்சு வேண்டாம். சொக்கம்மாளுக்குத் தீபாவளிச் சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லை, அவளுக்கு.

தாண்டவராயன்


உத்திரமேரூர்
24-10-61

மச்சானுக்கு,

தங்கைக்குத் தீபாவளிச் சீராக இரும்பு ராடு அனுப்பின அண்ணன் இந்தத் தொண்டை மண்டலத்திலேயே தாங்கள் ஒருவர்தான். அதிலும் துருப்பிடித்த ராடு. தங்கள் பெருமையை எங்கே போய்ச் சொல்ல.

வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன். பூசை எல்லாம் முடிந்து வேலைக்கு எடுத்தால், பேரிங் உட்கார வேண்டிய இடத்திலேயே துரு. தேய்த்தேன், போகவில்லை. நகத்தால் நெருடினால் குழி தட்டுகிறது. அங்கங்கே விட்டு விட்டு நீளம் முழுக்க இப்படியே இருக்கிறது. உள்ளேயே சொத்தை இருந்திருக்கிறது, மேலே கிரீஸை அப்பி மறைத்துக் கொடுத்துவிட்டார்கள், டூல்ரூம் மகானும் பளபளப்பைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டார்.

சும்மா சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். துரு உள்ள துண்டு ஒன்றை வெட்டி இதோடு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் கிண்டிக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்றைக்கும் சிரிக்கட்டும்.

ஏஜெண்டு தேதி மாற்றவில்லை. உங்கள் தங்கை உங்கள் பேரில் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன் என்கிறாள். ராடு நல்லதுதான், நம் வீட்டு நேரம்தான் சரியில்லை என்கிறாள்.

வேதகிரி


சென்னை
28-10-61

மாப்பிள்ளைக்கு,

துண்டு வந்தது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று கோடு, பக்கம் பக்கமாக, ஒரே இடைவெளியில். நடுக்கோட்டின் மேல் ஒரு வட்டம். மாப்பிள்ளை, இரும்பின் உள்ளிருந்து வருகிற துருவுக்கு விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

ஆயுத பூசைக்கு ராடைப் பிரித்து, கிரீஸைத் துடைத்து, விபூதியையும் சந்தனத்தையும் தண்ணீரில் குழைத்துப் பூசி, சாமி முன்னால் வைத்திருக்கிறீர்கள். மறுநாள் வரைக்கும் ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று யாரும் தொடவில்லை. அதற்கு மறுநாளும் சோம்பல். வெளியே ஐப்பசி ஈரம். அந்தப் பட்டை காய்வதற்குள் இரும்பைத் தின்றுவிட்டது. ராடு சொத்தையாம்! யார் சொத்தை என்று அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிகிறது.

படிக்காதவனுக்குச் சொன்னால் புரியும், கொஞ்சம் படித்தவனுக்குக் கூடப் புரியும். எல்லாம் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத்தான் எதுவும் ஏறாது. காகிதத்தைப் பிரிக்காதீர்கள் என்று எழுதினேனா இல்லையா? அந்தக் கிரீஸை ஒருத்தன் குனிந்து உட்கார்ந்து, முதுகு ஒடிய, ஒவ்வொரு அங்குலமாகத் தடவியிருக்கிறான். ஒரு கந்தலால் நிமிஷத்தில் துடைத்துப் போட்டுவிட்டீர்கள். ஷாப்டு கெட்டதைவிட எனக்கு அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று அனுப்புகிறேன், அதே மஞ்சள் பெயிண்ட். உங்களுக்காக இல்லை. லேத்தைச் செங்கல்பட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போனால் என் தங்கை நடுத்தெருவில் நிற்பாள், அதற்காக. தீபாவளிக்கு அதற்கும் மாலை போட்டு வெடி வைத்துவிடாதீர்கள்.

தாண்டவராயன்


உத்திரமேரூர்
14-11-61

மச்சானுக்கு,

பூசை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியாக இருக்கலாம். பொட்டு வைத்தது உங்கள் தங்கை. எண்ணெய்ப் பிசுக்கோடு சாமியிடம் எதற்கு என்று நான் சும்மா இருக்கச் சொன்னதற்கு, "அண்ணன் வூட்டுச் சீரு. எல்லா ஆயுதத்துக்கும் வெச்சிட்டு இத்த மட்டும் மூலைல போடறதா?" என்று அவளே உட்கார்ந்து துடைத்தாள். போகட்டும். ஒரு முறை வென்றுவிட்டீர்கள்.

ஆனால் இந்த இரண்டாவது ராடுக்கு யார் பொட்டு வைத்தது என்று சொல்லுங்கள். காகிதத்தைப் பிரிக்கவில்லை. வீட்டில் யாரையும் பக்கத்தில் விடவில்லை. நேற்றுக் காலையில்தான் பிரித்தேன். லேத்தின் இரண்டு சென்டர் முனைக்கு நடுவில் மாட்டிச் சுற்றிவிட்டுச் சாக்கட்டியை ஓரமாகப் பிடித்தேன். சுற்றிலும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கே சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு ராடை நான் தொட்டதில்லை.

பிறகு காடியை வெட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாக, சூடு ஏறாமல்தான் வெட்டினேன். மறுபடியும் சென்டரில் மாட்டிச் சாக்கட்டியைப் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் வெள்ளை விழுகிறது. எதிர்ப்பக்கம் சாக்கட்டியே படவில்லை. ராடு வளைந்துவிட்டது. யாரும் தட்டவில்லை, விழவில்லை, தானாகவே வளைந்திருக்கிறது.

ஒரு பக்கம் காடி வெட்டப் போகிறேன், கவனித்து எடுங்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். எழுதினேனா இல்லையா? கிரீஸைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த டூல்ரூம்காரருக்கு இது தெரியாதா? சாமி மேல் பழி போட முடியாது, இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்?

வேதகிரி


சென்னை
17-11-61

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை டூல்ரூமில் நாலு பேர் முன்னால் படித்தேன். இரும்பு தானாக வளையும் என்று சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார்கள். வைஸில் ஏறுமாறாகப் பிடித்திருப்பீர்கள். அல்லது மொட்டை உளி. அல்லது இரண்டும்.

ராடு நல்ல ராடு. நான் பார்த்து எடுத்தது. இதற்குமேல் எழுத எனக்கு நேரம் இல்லை, இங்கே வேலை நெருக்கடி.

தாண்டவராயன்


உத்திரமேரூர்
25-11-61

மச்சானுக்கு,

வியாழக்கிழமை சென்னைக்கு வந்திருந்தேன். வளைந்த ராடை ஒரு கோணியில் சுற்றிக்கொண்டு, உங்கள் டூல்ரூமில் நாலு பேர் முன்னால் அதை உங்கள் காலடியில் போட வேண்டும் என்றுதான் வந்தேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நீங்கள் தங்கியிருக்கிற இடத்தில் கேட்டேன். வீட்டுக்கார அம்மாள், கிண்டியா, அவர் பாரிமுனைப் பக்கம் இரும்புக் கிடங்கில் அல்லவா இருக்கிறார் என்று வழி சொன்னாள். நான் நம்பவில்லை. சாமான் எடுக்கப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. அங்கே நின்று பார்த்தேன். கிடங்கு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். பக்கத்தில் கிரீஸ் டின். ராடை மடியில் போட்டுத் தடவி, காகிதம் சுற்றி, சணல் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினீர்கள். மறுபடியும் வந்து உட்கார்ந்தீர்கள். உங்கள் மகன் வயசு இருக்கும் கணக்குப் பையன் ஒருத்தன், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்து, "யோவ் கிரீசு, இன்னாய்யா தடவிக்கினு கீற, வண்டி நிக்குது" என்றான். "தோ ஆச்சுங்க" என்றீர்கள்.

இந்த வேலைக்கா அவ்வளவு வாய்? பலாப்பழத் தோல் என்றீர்கள், புத்தியை வைக்க வேண்டாம் என்றீர்கள், நாலு பேர் முன்னால் படித்துச் சிரித்தோம் என்றீர்கள். எந்த நாலு பேர்? அந்த டின்னும் சாக்கும் சணலுமா?

சண்டை போடத்தான் வந்தேன். போடாமல் திரும்பிவிட்டேன். அந்தப் பயல் முன்னால் போட்டால் அவனுக்குத்தான் கூத்து. என் வயிறு எரிந்தது, அதை ஒளிக்க எனக்கு இஷ்டமில்லை. நான் உங்களைத் திட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேரைச் சொல்லித்தான் திட்டியிருக்கிறேன்.

சொக்கம்மாளிடம் உங்களைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். ராடை மறுபடியும் கோணியோடு மூலையில் போட்டிருக்கிறேன். ஏஜெண்டு வருகிற நாளும் வந்துகொண்டிருக்கிறது. செங்கல்பட்டுக்காரர் வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டாராம்.

வேதகிரி


சென்னை
2-12-61

மாப்பிள்ளைக்கு,

ஆமாம், கிரீஸ் தடவுகிறேன். காகிதம் சுற்றுகிறேன். நான் தடவின கிரீஸைத்தான் உங்கள் வீட்டில் துடைத்தீர்கள். எனக்குத் தடவவாவது தெரியும், உங்களுக்கு அதைக் காப்பாற்றக்கூடத் தெரியவில்லை.

டீக்கடையில் ஒளிந்து நின்று பார்த்தீர்களாக்கும். பெரிய காரியம். வந்து எதிரில் நின்றிருந்தால் மனுஷன் என்று சொல்லியிருப்பேன். கிரீசு என்று கூப்பிடுகிறான் என்று உங்களுக்கு வயிறு எரிந்ததாம். லாடம் கட்டப் போ என்று நாலு பேர் முன்னால் சொன்னது நீங்கள்தானே? அன்றைக்கு எரியாத வயிறு இன்றைக்கு என்ன எரிகிறது? அப்படிச் சொன்ன மனுஷனுக்கு, கிடங்கில் மூட்டை தூக்குகிறேன் என்றா எழுதுவேன்?

சரி. ராடைப் பற்றி. உங்கள் கடிதம் வந்த மறுநாள், நிஜமான டூல்ரூமிலிருந்து ஒரு மேஸ்திரி சரக்கு எடுக்க வந்தார். எங்கள் கிடங்கில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதலாளியே எழுந்து நிற்பார். நான் அவரிடம் போய்க் கேட்டேன். அந்தப் பயல் முறைத்தான், முறைக்கட்டும். மேஸ்திரி என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, ஒரு பக்கம் காடி வெட்டற வேலைக்கு மஞ்சளையா குடுத்த?" என்றார்.

அவர் சொன்னது இது. மஞ்சள் பெயிண்ட் என்றால், சூடு காட்டாமல், குளிர்ந்த இரும்பாகவே சின்ன ஓட்டை வழியாக இழுத்து நீட்டி, அப்புறம் கிரைண்டிங் பண்ணினது. இழுத்த இழுப்பில் அதன் தோல் முழுக்க விறைத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஒரே விறைப்பாக இருக்கிறவரை நேராக நிற்கும். ஒரு பக்கம் வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் பிடி விட்டுப்போய் வளையும். காடி வெட்டுகிற வேலைக்குச் சூட்டில் உருட்டி, மேல்தோலைக் கடைந்து தள்ளிவிட்டுக் கிரைண்டிங் பண்ணின பச்சைப் பெயிண்ட்தான் சரி. கிரீஸ் தடவினால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மஞ்சளாவது கொஞ்சம் கூடப் பளபளக்கும். எனக்கு நிறம் தெரியும், எந்த அடுக்கு என்று தெரியும். ஏன் என்று தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை.

ஆகவே உங்கள் உளியில் குற்றம் இல்லை. இதை எழுத எனக்குக் கசக்கிறது.

பச்சை ஒன்று இன்று அனுப்பிவிட்டேன். மேஸ்திரியே தட்டிப் பார்த்துக் கொடுத்தார். கிரீஸ் நான் தடவினது.

சொக்கம்மாளுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அவள் முகம் தொங்கிப் போகும். இதை ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன். வேறு எதுவும் உங்களிடம் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

தாண்டவராயன்


உத்திரமேரூர்
17-12-61

மச்சானுக்கு,

ஏஜெண்டு நேற்று வந்தார். பெட்டியிலிருந்து, துளி வளைவு இருந்தாலும் முள் ஆடிக் காட்டுகிற டயல் கேஜை எடுத்து ஷாப்டின் மேல் வைத்து, தன் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். முள் அசையவில்லை. இந்த முனை, அந்த முனை, நடுவில், காடி ஓரத்தில் எல்லாம் வைத்துப் பார்த்தார். அந்த ஆளுக்கும் குறை சொல்ல ஆசைதான், கிடைக்கவில்லை. தாலுகா வேலை நமக்குத்தான் என்று சொல்லிவிட்டார். செங்கல்பட்டுக்காரருக்கு வண்டி வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டேன்.

போகும்போது ஏஜெண்டு, ராடு யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார். என் மச்சான், கிண்டியில் டூல்ரூமில் இருக்கிறார் என்று சொன்னேன். வாய் கூசவில்லை. சொக்கம்மாள் அப்போது மோர் எடுத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அவளுக்காகத்தான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் போனதும் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"நீயுமாய்யா அத்த நம்பிக்கினு கீற? ஆடி மாசம் மாகறல்ல அண்ணன் சட்டைய நான்தான தொவச்சேன். தோள்பட்ட ரெண்டும் கிரீசு. எத்தினி வாட்டி சோப்பு போட்டும் நாத்தம் போவல. பூசைக்கு அந்த ராடத் தொடைக்கறப்போ அதே நாத்தம். அண்ணன் கை பட்டதுன்னு தெரிஞ்சிதான் பொட்டு வெச்சேன்."

பிறகு எதற்கடி தெருவெல்லாம் டூல்ரூம் என்று சொன்னாய் என்று கேட்டேன். "அண்ணன் சொல்லுது, நானும் சொல்றேன். அது கௌரதைய நாமளே கொறைக்கறதா?" என்றாள்.

ஆக, மச்சான், உங்கள் டூல்ரூமை இந்த ஊரில் நிஜமாக நம்பினவன் நான் ஒருத்தன்தான். உங்களுக்குக் காலிப்பர் பிடிக்கத் தெரியாது என்று சொன்னவனும் நான்தான். இப்படி ஒரு மடையனை நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள், எழுதி அனுப்ப வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

தை பிறந்தால் மில்காரர்கள் ஷாப்டுக்கு வரிசையில் நிற்பார்கள். எனக்கு ஒரு கை போதாது. ராடு பச்சை எது, மஞ்சள் எது என்று பார்த்து வாங்கவும், வாங்கினதைத் துருப்பிடிக்காமல் வைக்கவும் ஆள் வேண்டும். லேத்தில் பாதி உங்களுடையது, அதை நான் எங்கேயும் மறுத்ததில்லை. அந்தப் பயலிடம் டின்னைக் கொடுத்துவிட்டு வந்து சேருங்கள். இங்கேயும் மரியாதை கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். தப்புச் செய்தால் நாலு பேர் முன்னால்தான் திட்டுவேன். தாண்டவராயா என்று பேரைச் சொல்லித்தான் திட்டுவேன்.

வேதகிரி